பார்த்ததற்கு ஒரு சேவல்

சாமியம்மாள் கணவனைவிட்டுத் தாய்வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அடித்தான், குடித்தான், இன்னொருத்தியை வைத்திருக்கிறான் என்று சொல்ல ஒன்றுமில்லை. மலைமேல் இருக்கிற அவள் பிறந்த ஊரான மூங்கிலோடையில், புளியமரத்தடியில் கூடிய பஞ்சாயத்தில் அவள் சொன்ன குறை ஒன்றே ஒன்றுதான்.

"ஒம்போது வருசமா இவரு முதுகத்தான் பாத்துக்கினு இருக்கேன்."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஊர்க்கவுண்டர் சிரிக்கவில்லை. முதுகுக்கு என்ன குறை என்று கேட்டார். அவள் கணவன் மாதனுக்கு மட்டும் விளங்கியது. விளங்கியும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மாதனும் மலைக்காரன்தான். வேறு கிராமம். ஆறு வயதில் விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அதன்பிறகு லீவுக்கு வந்து போகிற ஊராக மலை ஆகிவிட்டது. தமிழ் இலக்கியம் படித்தான். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தான். பதினாலு வருஷமாகக் கௌரவம் மட்டும் நிலையாக இருந்தது, வேலை நிலையாகவில்லை. முனைவர் பட்டம் வந்தால் ஏதாவது நடக்கும் என்றார்கள். நாற்பத்தேழு வயதில் அதை அவனே நம்பவில்லை. ஆனாலும் எழுதினான். கல்லூரி விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு மேசைமுன் உட்காருவான். மேசை சுவரை ஒட்டி இருந்தது. சமையல், பேச்சு, டிவி, மகள் படிப்பு எல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால் நடந்தன. மகள் நர்சிங் படிக்கச் சேலம் போனாள். அதுவும் முதுகுக்குப் பின்னால்தான் நடந்தது.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம் சாமியம்மாள் துணி துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்தாள். "ஏங்க" என்று கூப்பிட்டாள். "இரு" என்றான். மறுபடியும் கூப்பிட்டாள். "ஒரு பக்கம்தான்" என்றான். அது ஒரு பக்கத்தில் முடியவில்லை. அவளே சுவரைப் பிடித்து எழுந்து, முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, உப்புமா கிண்டி அவன் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் காலையில் பஸ் ஏறிவிட்டாள். அவள் விழுந்த சங்கதியே அவனுக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. மகள் போன் செய்து சொன்னாள்.

அவன் எழுதிக்கொண்டிருந்தது திரும்பிப் பார்ப்பதைப் பற்றி.

கிரேக்கத்தில் ஒரு பாடகன். செத்துப்போன மனைவியைப் பாதாளத்திலிருந்து மீட்டு வருகிறான். அவன் முன்னால் நடக்க வேண்டும், அவள் பின்னால் வருவாள், வெளிச்சம் படும்வரை திரும்பக் கூடாது. கடைசி அடியில் திரும்புகிறான். அவள் போய்விடுகிறாள். இன்னொரு தேசத்தில் எரிகிற ஊரைவிட்டு ஓடுகிற ஒருத்தி திரும்பிப் பார்க்கிறாள். உப்புத்தூணாகிறாள். இங்கே பெண்ணையாற்றுப் பக்கம் ஓர் அம்மன், பக்தன் ஒருவனுக்குப் பின்னால் வரச் சம்மதிக்கிறாள். என் சிலம்புச் சத்தம் கேட்கும், நீ திரும்பாமல் நட என்கிறாள். ஆற்று மணலில் கால் புதைந்ததும் சிலம்பு கேட்கவில்லை. அவன் திரும்புகிறான். அவள் அங்கேயே கல்லாகிறாள். கொள்ளி வைத்தவன் சுடுகாட்டைத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இப்படி நாற்பது கதைகளை மாதன் சேர்த்திருந்தான். கடல் தாண்டியும் மலை தாண்டியும் கதை ஒன்றுதான். பார்த்தவன் இழந்தான்.

முடிவுரை மட்டும் பாக்கி. தை மாதத்துக்குள் தரவில்லை என்றால் பதிவு ரத்தாகிவிடும் என்று சின்னசேலத்தில் இருந்த அவன் நெறியாளர் அமிர்தம் அம்மா இரண்டு முறை சொல்லிவிட்டார்.

பஞ்சாயத்தில் பேச்சு வளரவில்லை. கோபித்துக்கொண்டு வந்த பெண்ணைப் புருஷன் வந்து கேட்டால் ஒருமுறை அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றார் ஊர்க்கவுண்டர். சாமியம்மாள் மாட்டேன் என்று சொல்லவில்லை. பிறகு அவர் முறையைச் சொன்னார். கணக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கிறவர்போல, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். வீட்டு வாசலிலிருந்து ஊர் எல்லையில் இருக்கிற வேடியப்பன் கல்வரைக்கும் புருஷன் முன்னால் போகணும். பெண் பின்னால் வரணும். பிறந்த வீட்டுச் சாமையை அவளே தலையில் சுமக்கணும், அவன் தொடக் கூடாது. அவள் பேசக் கூடாது. அவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வேடியப்பனுக்கு ஒரு சேவல் தண்டம்.

மாதனுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒன்பது வருஷம் புத்தகத்திலும் ஒலிநாடாவிலும் தேடியது மாமனார் ஊரில் புளியமரத்தடியில் கிடந்திருக்கிறது. நாற்பத்தொன்றாவது. சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டான். தண்டம் வெறும் சேவலாக இருந்தது அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். காலப்போக்கில் தேய்ந்திருக்கும் என்று அடைப்புக்குறிக்குள் எழுதினான். நிமிர்ந்தபோது சாமியம்மாள் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வெயில் ஏறுமுன் கிளம்பினார்கள். மாமனார் கரியன் சாமை மூட்டையைத் தூக்கி மகள் தலையில் வைத்தார். பெரிய மூட்டை இல்லை. ஆனால் தலைச்சுமை தலைச்சுமைதான். தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும், இறக்கிவிட ஓர் ஆள் வேண்டும். மாமியார் பொன்னாயி மகளின் முழங்காலைப் பார்த்தாள். மாதன் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முறைப்படி நின்றான்.

மூங்கிலோடையிலிருந்து வேடியப்பன் கல் மூன்று மைல். அங்கேதான் தார்ரோடு. வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்குகிற பஸ் அங்கே நிற்கும். நடுவில் ஓர் ஓடை.

பாதை இறங்குமுகம். மாதன் முன்னால் நடந்தான். பின்னால் சருகு மிதிபட்டது. கொலுசு கேட்டது. அவளிடம் கொலுசு இருப்பதே அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. எப்போது வாங்கினது, யார் வாங்கினது என்று யோசித்தான். தெரியவில்லை. மூச்சு வாங்குவதும் கேட்டது. இந்த நாலு மாதத்தில் அவனுக்குச் சரியான சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, மெஸ் குழம்பில் வயிறு கெட்டிருந்தது. அவளிடம் சொல்ல நாலைந்து விஷயம் இருந்தன. கல்லைத் தாண்டியதும் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டான்.

ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர். கற்கள் பாசி பிடித்துக் கிடந்தன. அவன் கடந்து அக்கரை ஏறினான். பின்னால் தண்ணீர் சளசளத்தது. பிறகு ஒரு சறுக்கல். தொப்பென்று ஏதோ விழுந்தது. பிறகு ஒன்றும் இல்லை. கொலுசு இல்லை, சருகு இல்லை.

மாதன் நின்றான். கழுத்து திரும்பப் பார்த்தது. அவன் விடவில்லை. மணல் என்று நினைத்துக்கொண்டான். பெண்ணையாற்றங்கரையில் சிலம்பு நின்ற இடம் இதுதான். சத்தம் நின்றால் அவள் இல்லை என்று அர்த்தமில்லை. சத்தம் நின்றதற்காகத் திரும்பியவன்தான் கெட்டான்.

பின்னால் ஓர் இருமல் கேட்டது. அவன் அசையவில்லை. இன்னொரு இருமல். சற்று நேரம் கழித்து மூன்றாவது.

எல்லாக் கதையிலும் இது வரும். கடைசி இடத்தில் ஒரு குரல், ஓர் ஓசை, திரும்பச் சொல்லும். திரும்பக் கூடாது. அவன் கையை இறுக மூடிக்கொண்டு நடந்தான். மேட்டில் ஏறும்போது நெற்றி வியர்த்தது. ஆனால் மனசு லேசாக இருந்தது. நாற்பத்தொரு கதையிலும் திரும்பாதவன் ஒருவன் இல்லை. தான் ஒருவன்தான் என்று தோன்றியது. அந்த எண்ணத்தில் சாமியம்மாள் இருந்தாளா என்று பின்னால் பல நாள் யோசித்தான். இல்லை.

வேடியப்பன் கல்லைத் தாண்டி, தார்ரோட்டில் ஒரு காலை வைத்து, முகத்தில் சிரிப்போடு திரும்பினான்.

பாதை காலியாக இருந்தது.

கொஞ்சம் பொறுத்தான். முழங்கால் வலியோடு மெதுவாகத்தான் வருவாள். பஸ் வந்தது. கண்டக்டர் ஏறலையா என்று கேட்டார். ஆள் வரணும் என்றான். பஸ் போய்விட்டது. கல்லில் பழைய குங்குமமும் உலர்ந்த இறகுகளும் ஒட்டியிருந்தன. நிறைய இறகுகள். அவன் அவற்றைப் பார்த்தான். அப்போதும் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு வந்த வழியே நடந்தான். ஓடைக்கு இக்கரையில், தண்ணீருக்குப் பக்கத்துப் பாறைமேல் சாமை மூட்டை இருந்தது. ஒரு மூலை நனைந்திருந்தது. ஆள் இல்லை. மூட்டையைத் தூக்கித் தலையில் வைக்கப் பார்த்தான். மார்புவரைக்கும்தான் வந்தது. இன்னொரு கை இருந்தால் ஏறிவிடும். இன்னொரு கை இல்லை. மூன்றாம் தடவையும் ஏறவில்லை. அப்போதுதான் அவள் அந்தப் பாறைக்குப் பக்கத்தில் எதற்காக நின்று இருமினாள் என்று அவனுக்குப் புரிந்தது. பேசக் கூடாது. மூட்டையைத் தனியாகத் தூக்க முடியாது. அவன் பார்த்தால் உண்டு.

மூட்டையை எப்படியோ தோளில் சாய்த்துக்கொண்டு மேடேறினான்.

கரியன் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். மருமகனும் மூட்டையும் வருவதைப் பார்த்துக் கயிற்றை விட்டுவிட்டார். கையும் கொடுக்கவில்லை, ஏசவும் இல்லை. மூட்டை இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் மாப்ள, பாத்திருந்தா கண்ணு அவிஞ்சி பூடுமா?"

பார்க்கக் கூடாது என்றார்களே என்றான் மாதன்.

"சொல்லுவாங்க. சொல்லாத எப்பிடி? பாக்காத எவன் போனான் இந்த மலையில? உங்க அத்தைய அவங்க ஊர்லேந்து ஒருவாட்டி இட்டுக்கினு வந்தேன். பதினோரு தடவ பாத்தேன். பதினோரு தடவயானாலும் ஒரே சேவல்தான். அந்தச் சாமி பொழைக்கிறதே அதுலதான்."

உள்ளேயிருந்து பொன்னாயியின் குரல் வந்தது. "பாக்காத வந்திருந்தா அன்னிக்கே நான் எங்கப்பன் வூட்டுக்குத் திரும்பியிருப்பேன்."

கரியன் சிரித்தார். மாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லில் ஒட்டியிருந்த இறகுகள் நினைவுக்கு வந்தன. எத்தனை ஆண்கள், எத்தனை தடவை.

சாமியம்மாள் அடுப்பருகே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வீங்கியிருந்தது. களி கிளறிக்கொண்டிருந்தாள். அவன் வந்து எதிரில் உட்கார்ந்தபிறகும் துடுப்பு நிற்கவில்லை. கிளறிக்கொண்டே கேட்டாள்.

"மூட்ட வுழுந்த சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சி."

"இருமுனது?"

கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். ஓடைத் தண்ணீரின் சத்தம், காற்று, காது கொஞ்சம் மந்தம். சொல்ல நாலு காரணம் இருந்தது. மாதனுக்கு அலுப்பாக இருந்தது.

"கேட்டுச்சி. மூணு தடவ."

துடுப்பு நின்றது. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கேக்கலன்னு சொல்லியிருந்தா வந்திருப்பேன். செவிடுன்னு நெனச்சிக்கினு வந்திருப்பேன்."

அதன்பிறகு ஏன் திரும்பவில்லை என்று அவன் சொல்லப் பார்த்தான். சிலம்பும் மணலும் என்று தொடங்கினான். பாதியில் கிரேக்கத்துக்குப் போனான். வகுப்பில் சொல்கிற மாதிரியே வந்தது, வேறு மாதிரி சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. ஒன்பது வருஷத்தில் அந்தக் கதையை அவளிடம் சொல்வது இதுதான் முதல் தடவை என்பது சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பாடகன் திரும்பிப் பார்த்ததும் மனைவி பாதாளத்துக்கே போய்விட்டாள் என்று முடித்தான்.

"அவ இன்னா பண்ணிக்கினு வந்தா, பின்னால?"

"யாரு?"

"அவன் பொண்டாட்டி."

மாதன் யோசித்தான். நடந்து வந்தாள். அவள் காலில் பாம்பு கடித்த காயம், அதனால் மெதுவாக வந்தாள் என்று ஓரிடத்தில் படித்திருக்கிறான். மற்றபடி ஒன்றும் இல்லை. அதைச் சொன்னான்.

"கால்ல காயமா?"

"ஆமா."

சாமியம்மாள் களியை உருட்டித் தட்டில் போட்டாள்.

"அப்ப அவளும் இருமியிருப்பா," என்றாள். தட்டை அவன் பக்கம் தள்ளினாள். "துண்ணுட்டு போங்க. சாயந்தரம் ஒரு பஸ் இருக்குது."

அவன் தின்றான். போனான். தனியாகப் போகிறவனுக்கு முறை எதுவும் இல்லை. ஓடையிலும் மேட்டிலும் திரும்பித் திரும்பிப் பார்த்தான். யாரும் வரவில்லை.

கள்ளக்குறிச்சியில் அந்த வாரம் மழை. முடிவுரைக்கு உட்கார்ந்தான். நாற்பது கதைகளையும் மறுபடி எடுத்துப் பின்னால் வந்தவள் என்ன செய்தாள் என்று பார்த்தான். ஒன்றில் அழுதாள். ஒன்றில் கை நீட்டினாள். மற்றதில் எல்லாம் வந்தாள், அவ்வளவுதான். அமிர்தம் அம்மாவுக்குப் போன் செய்து இதைச் சொன்னான். கதையில் இல்லாததைப் பற்றி முடிவுரை எழுத முடியாது, இருப்பதைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார் என்றார் அவர். நல்ல மனுஷி. சொன்னதும் சரிதான். சரிங்கம்மா என்றான்.

எழுதவில்லை. எழுந்து, மேசைமேல் இருந்த கட்டுகளை இறக்கிவைத்துவிட்டு, மேசையைச் சுவரிலிருந்து இழுத்தான். ஒன்பது வருஷத்துத் தூசியும் இரண்டு பேனா மூடியும் மகளுடைய ஹேர்பின் ஒன்றும் இருந்தன. பெருக்கினான். மேசையைத் திருப்பிப் போட்டான். இப்போது நாற்காலி சுவர்ப்பக்கம். உட்கார்ந்தால் சமையலறை வாசல் தெரிந்தது, அதற்கப்பால் துணி துவைக்கிற கல் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சம் இப்போது தாளில் விழவில்லை. எழுதக் கஷ்டம்தான். இருக்கட்டும் என்று விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலைவரை போய் ஒரு சேவல் வாங்கினான். சிவப்புச் சேவல், வயசுச் சேவல், வழியெல்லாம் கொத்தியது. திரும்புகிற பஸ்ஸில் ஏறி வேடியப்பன் கல்லில் இறங்கி நடந்தான்.

அவனையும் சேவலையும் மாறிமாறிப் பார்த்த கரியனுக்குக் குழப்பமாகிவிட்டது. பாக்காததுக்கு எதுக்கு மாப்ள சேவல் என்றார். போன தடவைக்கு இல்லை, இந்தத் தடவைக்கு என்றான் மாதன். முன்கூட்டியே தண்டம் கட்டுகிற வழக்கம் இல்லையே, வேடியப்பன் வாங்கமாட்டாரே என்று கரியன் தாடையைச் சொறிந்தார். தவிர, பஞ்சாயத்து ஒருமுறைக்குத்தான் செல்லும். இனிமேல் வருவதும் வராததும் அவள் இஷ்டம்.

"தெரியும் மாமா," என்றான் மாதன்.

சாமியம்மாள் களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் சேவலைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்றான். சொல்ல வேண்டியதை பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தான். எல்லாம் வகுப்பு மாதிரி இருந்தது. அதனால் சொல்லவில்லை. முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான். வீக்கம் கம்மியாகியிருக்கிறது என்றாள். புடைத்து முடிக்கும்வரை அவன் அங்கேயே நின்றான். சேவல் இரண்டு முறை கொத்தியது. அவளைப் பார்க்க வேறு வேலை இல்லாமல் நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. காதோரம் நரைத்திருந்தாள். கொலுசு ஒரு காலில் மட்டும்தான் இருந்தது. இன்னொன்று வீக்கத்துக்காகக் கழற்றியிருப்பாள்.

"கல்லுவரைக்கும் வரேன்," என்றாள் சாமியம்மாள், முறத்தைக் கவிழ்த்துவிட்டு. "அப்பறம் பாக்கலாம்."

மூட்டையை அவன் தூக்குவதாகச் சொன்னான். கரியன் ஆம்பளை தொடக் கூடாது என்றார். தொட்டால் என்ன தண்டம் என்று மாதன் கேட்டான். கரியன் யோசித்தார். உள்ளே போய்ப் பொன்னாயியிடம் கேட்டுவிட்டு வந்தார்.

"தெரில மாப்ள. இதுவரைக்கும் எவனும் தொட்டதில்ல."

சாமியம்மாளும் கரியனும் சேர்ந்து மூட்டையைத் தூக்கி அவன் தலையில் வைத்தார்கள். கழுத்து உள்ளே இறங்கியது. அவன் தலையில் எதுவும் சுமந்து நாற்பது வருஷம் இருக்கும். சேவலை அவள் வாங்கிக்கொண்டாள். யார் முன்னால் போவது என்று யாரும் சொல்லவில்லை. மூட்டையோடு அவன் ஆடி அசைந்து சமாளிப்பதற்குள் அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவன் பின்னால் நடந்தான். தலைச்சுமையோடு நடக்கிறவனுக்கு முன்னால் பத்தடிதான் தெரியும். அவள் கால் தெரிந்தது. வலது காலை நொண்டினாள். ஒற்றைக் கொலுசு ஓரடி விட்டு ஓரடி கேட்டது. அவள் அடிக்கடி திரும்பினாள். பெண் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று முறையில் எங்கும் இல்லை.

ஓடையில் இறங்கி நடுவில் நின்றாள். அவன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பாசிக்கல்மேல் கால்வைக்கப் போனான்.

"அதுல வைக்காதீங்க. அதுதான் வழுக்குது. இந்தப் பக்கம்."

பேசக் கூடாது என்று முறை. அவள் பேசிவிட்டாள். அவன் இந்தப் பக்கம் வைத்தான்.

மேட்டில் அவனுக்கு மூச்சு முட்டியது. இருமல் வந்தது. அவள் நின்றாள். இறக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், இறக்கினால் ஏற்ற முடியாது என்றான். அதெல்லாம் தூக்கிவிடலாம் என்று இறக்கினாள். பாறையில் உட்கார்ந்தார்கள். அவன் சொல்ல வைத்திருந்த நாலைந்து விஷயங்களில் மெஸ் குழம்பைப் பற்றி மட்டும் சொன்னான். அவள் வெறும் சீரகத் தண்ணீர் குடித்திருக்கலாமே என்றாள். மறுபடி தூக்கிவிட்டாள்.

வேடியப்பன் கல்லுக்கு இருபது அடி இருக்கும்போது அவள் பாதையோரம் ஒதுங்கினாள்.

"முன்னால போங்க," என்றாள்.

அவன் அவளைக் கடந்து போனான். இப்போது முன்னால் கல்லும் ரோடும். பின்னால் அவள். கொலுசு கேட்கவில்லை. நிற்கிறாளா, நடக்கிறாளா, வந்த வழியே போகிறாளா, தெரியவில்லை. கல்லுவரைக்கும் வரேன் என்றுதான் சொல்லியிருந்தாள். கல் வந்துவிட்டது.

கழுத்தைத் திருப்பப் பார்த்தான். மூட்டை விடவில்லை. அதனால் காலை மாற்றி வைத்து, இடுப்பைத் திருப்பி, மூட்டையோடு உடம்பு முழுக்கத் திருப்பினான். தேர் முக்கில் திரும்புகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினான். வெகுநேரம் ஆயிற்று.

விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். சேவல் அவள் கையில் அடங்கிக் கிடந்தது. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்கக் கையில்லை. அப்படியே பார்த்தான்.

"போதும்," என்றாள் சாமியம்மாள். "சேவலுக்கு ஆச்சி."

அவனைத் தாண்டிப் போய்க் கல்லுக்குப் பக்கத்தில் இருந்த செடியில் சேவலைக் கட்டினாள். சாயந்தரம் அப்பா வந்து மற்றதைப் பார்த்துக்கொள்வார் என்றாள். பிறகு வந்து மூட்டைக்குக் கை கொடுத்தாள். இருவருமாக இறக்கி ரோட்டோரத்தில் வைத்தார்கள். கீழ்நோக்கிப் போகிற பஸ் கொஞ்ச நேரத்தில் வந்தது. அவள் முதலில் ஏறினாள், மேல்படியில் நின்று குனிந்து, மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தாள்.

அவனுக்கு இரண்டு நாளைக்குக் கழுத்து திரும்பவில்லை.